இரவில் காட்டுச் சாலையில் கார் மீது விலங்கு மோதினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கோத்தகிரியில் குடியிருக்கிறேன். வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் மேட்டுப்பாளையத்துக்கோ கூடலூருக்கோ கார் ஓட்டிச் சென்று வருவது என் வேலையின் ஒரு பகுதி. ஒரு மழைக்கால இரவில், மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள குஞ்சப்பனைக்குச் சற்று மேலே, என் காரின் குறுக்கே கடமான் ஒன்று பாய்ந்து மோதியது. வண்டியில் இருந்த மூன்று பேரும் உயிரோடு திரும்பினோம். அன்று முதல் உறவினர்களும், டாக்சி ஓட்டும் நண்பர்களும், சமவெளியிலிருந்து மலைக்கு வருகிறவர்களும் ஒரே மாதிரியான சந்தேகங்களை என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். சட்டம், சிகிச்சை பற்றிய விவரங்கள் தமிழ்நாட்டில் நடக்கும் விபத்துகளுக்கு உரியவை.

எந்த மிருகம் குறுக்கே வரும்? எந்த நேரத்துல ஜாக்கிரதையா இருக்கணும்?

நீலகிரி, சத்தியமங்கலம், முதுமலை, ஆனைமலை, கொடைக்கானல் சாலைகளில் புள்ளிமான், கடமான், காட்டுப்பன்றி, காட்டுமாடு, யானை ஆகிய ஐந்தையும் எதிர்பார்த்தே ஓட்ட வேண்டும். காட்டுமாட்டைப் பலரும் காட்டெருமை என்கிறார்கள்; இரண்டும் ஒன்றையே குறிப்பதாகக் கொள்ளுங்கள். காட்டை ஒட்டிய விவசாய நிலங்களில் காட்டுப்பன்றிதான் அதிகம். அந்தி மயங்கிய பிறகு இரண்டு மணி நேரமும், விடிவதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும் நடமாட்டம் மிகுதியாக இருக்கும். கோடையில் தண்ணீர் தேடியும், மழைக்குப் பிறகு சாலையோரம் தழைக்கும் இளம்புல்லுக்காகவும் அவை இறங்கி வருகின்றன. குஞ்சப்பனைப் பகுதியில் பலாப்பழம் பழுக்கும் மாதங்களில் யானைகள் வருவது ஊரறிந்த செய்தி.

ஹெட்லைட் நல்லா எரியுதே, தூரத்துலயே தெரிஞ்சிடாதா?

தெரியும், ஆனால் வண்டி நிற்பதற்குத் தேவையான தூரத்தில் தெரியாது. டிம் லைட்டில் சாலையில் நிற்கும் ஒரு கரிய உருவம் ஏறத்தாழ 40 அல்லது 50 மீட்டரில்தான் நம் கண்ணுக்குப் பிடிபடுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒன்றரை நொடி என்று வைத்தால், பிரேக் பிடிக்கும் முன்பே 33 மீட்டர் கடந்துவிட்டிருக்கும். அதன்பின் காய்ந்த தார்ச் சாலையிலும் வண்டி நிற்க இன்னும் 35 மீட்டர் அளவுக்கு வேண்டும். மொத்தத்தில் 70 மீட்டர் தேவைப்படுகிற இடத்தில் நம்மிடம் 50 மீட்டர்தான் இருக்கிறது.

அதே கணக்கை 40 கிலோமீட்டர் வேகத்துக்குப் போட்டால் மொத்தமே 26 மீட்டர்தான் வருகிறது. காட்டுச் சாலைகளில் வேகக் கட்டுப்பாட்டுப் பலகைகளைக் கண்டு எரிச்சலடைகிறவர்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். எதிரே வண்டி இல்லாதபோது பிரைட் லைட்டில் ஓட்டுங்கள். வளைவுகளில் வெளிச்சம் சாலையைப் பின்தொடராமல் மரத்தின் மீதோ பாறையின் மீதோ விழும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மிருகத்தோட கண்ணு மின்னுமே, அதை வச்சுக் கண்டுபிடிக்க முடியாதா?

மான், சிறுத்தை போன்றவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால், நம் விளக்கு பட்டதும் கண்கள் மின்னுகின்றன. விலங்கு நம் பக்கம் திரும்பியிருந்தால் மட்டுமே இது பயன்படும். பக்கவாட்டில் நின்றோ, தலையைக் குனிந்து புல் மேய்ந்துகொண்டோ இருந்தால் ஒளி எதுவும் திரும்பாது.

காட்டுமாட்டைப் பொறுத்தவரை நான் கண்ணைத் தேடுவதே இல்லை. அதன் உடல் கருப்பு. விளக்கொளியை அப்படியே விழுங்கிக்கொள்ளும். முழங்காலுக்குக் கீழே மட்டும் காலுறை போட்டதுபோல வெளுப்பாக இருக்கும். இருட்டுக்குள் தரையோடு தரையாக நான்கு வெளிறிய குச்சிகள் நட்டு வைத்தாற்போலத் தெரிந்தால், அவற்றின் மேலே ஒரு பெரிய உடல் இருக்கிறது என்று பொருள். இதை அறியாதவர்கள் அந்தக் குச்சிகளைச் சாலையோர எல்லைக் கற்கள் என்று எண்ணிக் கடந்து போக முயன்றிருக்கிறார்கள்.

திடீர்னு குறுக்க வந்துட்டா ஸ்டீயரிங்கை ஒடிக்கணுமா, பிரேக் அடிக்கணுமா?

பிரேக். இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். மானின் மீது மோதி நேராக நிற்கும் கார் நசுங்கும். ஆனால் உள்ளே இருப்பவர்களைச் சுற்றி பெல்ட்டும், காற்றுப்பையும், நொறுங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும் முன்பகுதியும் இருக்கின்றன. மானைத் தவிர்க்க ஸ்டீயரிங்கை ஒடித்த கார், எதிரே வரும் லாரியிலோ, மரத்திலோ, பள்ளத்திலோ போய் விழுகிறது. ஒடித்து உருண்ட வண்டிக்கு, முன்பக்கம் மோதும்போது கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு எதுவும் முழுமையாகக் கிடைப்பதில்லை.

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் பிரேக்கை அழுத்தும்போது பெடல் காலுக்கடியில் தடதடவென்று துடிக்கும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து பலர் அந்த நொடியில் காலை எடுத்துவிடுகிறார்கள். அந்தத் துடிப்பு பிரேக் தன் வேலையைச் சரியாகச் செய்வதன் அடையாளம். வெறிச்சோடிய ஒரு மைதானத்தில் ஒருமுறை வேண்டுமென்றே அழுத்திப் பார்த்து, அந்த உணர்வைக் காலுக்குப் பழக்கி வையுங்கள்.

ஒன்று கடந்துவிட்டது என்று உடனே வேகமெடுக்காதீர்கள். மான்களும் பன்றிகளும் வரிசையாகக் கடப்பவை. என் காரின் முன்னால் முதலில் ஒரு பெட்டைக் கடமான் தாண்டியது. நான் மூச்சு விட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். மோதியது அதன் பின்னால் வந்த இரண்டாவது மான்.

காட்டுமாடு மாதிரி பெரிய மிருகமா இருந்தாலும் நேரா போய் மோதுறதா?

நியாயமான கேள்வி, இதற்கு ஒரே வரியில் பதில் இல்லை. வளர்ந்த காட்டுமாட்டு ஆண் 600 கிலோவிலிருந்து ஆயிரம் கிலோவையும் எட்டக்கூடியது. பம்பர் அதன் கால்களைத்தான் வாரும். உடல் பானெட்டின் மீது சரிந்து கண்ணாடியையும் கூரையின் முன்விளிம்பையும் நசுக்கும். சுவீடனில் மூஸ் என்னும் நெடுங்கால் மானால் இதே ஆபத்து இருப்பதால், அந்நாட்டுக் கார் நிறுவனங்கள் அதன் உடலமைப்பில் பொம்மை செய்து, அதன் மீது காரை மோதவிட்டுக் கூரைத் தூண்களைச் சோதித்திருக்கின்றன.

இங்கும் முதல் வேலை பிரேக்தான், ஏனென்றால் வேகம் பாதியானால் மோதலின் ஆற்றல் கால்பங்காகிவிடுகிறது. வேகம் நன்கு குறைந்த பிறகும் இடைவெளி போதாது என்று தெரிந்தால், எதிரே வண்டி இல்லாத நிலையில், விலங்கின் வால் பக்கமாக, அதாவது அது எங்கிருந்து வந்ததோ அந்தப் பக்கமாக, மெல்லத் திருப்புங்கள். அது பெரும்பாலும் முன்னோக்கியே நகரும் என்பதால், தலைப்பக்கம் திருப்பினால் அது போகும் இடத்துக்கே நாமும் போவோம். மலைப்பாதையில் பள்ளத்தாக்குப் பக்கம் ஒருபோதும் வேண்டாம். வேறு வழியே இல்லையென்றால் பாறைப் பக்கத்துச் சாக்கடையில் சக்கரம் இறங்கட்டும்.

கடைசி நொடியில் பிரேக்கை விட்டால் வண்டியின் மூக்கு நிமிர்ந்து விலங்கு கண்ணாடிக்கு வராது என்று ஒரு யோசனை உலவுகிறது. அந்த நொடியைச் சரியாகக் கணிக்கும் பயிற்சி நம்மில் யாருக்கும் இல்லை. நிற்கும்வரை பிரேக்கை அழுத்தியே இருங்கள் என்பதுதான் என் கருத்து.

மோதுற நேரத்துல உடம்பை எப்படி வச்சுக்கணும்?

அதை மோதும் நேரத்தில் யோசிக்க முடியாது. புறப்படும்போதே முடிவு செய்திருக்க வேண்டும். எல்லோரும், பின்னிருக்கையில் இருப்பவர்களும், பெல்ட் போட்டிருக்க வேண்டும். பெல்ட் போடாமல் பின்னால் அமர்ந்திருப்பவர் மோதலின்போது முன்னால் இருப்பவரின் முதுகில் வந்து விழுகிறார். பெல்ட் இல்லாதவருக்குக் காற்றுப்பையே காயம் உண்டாக்கும். குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது பாசமாகத் தோன்றலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் சட்டென்று நிற்கும்போது எந்தத் தாயின் கைகளாலும் அந்தக் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. ஓட்டுபவர் இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கின் இருபுறமும் வைத்திருக்கட்டும். டேஷ்போர்டின் மேல் கால் நீட்டி உட்காருவதை முன்னிருக்கைக்காரரிடம் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள்.

முன்னாடி இரும்புக் கம்பி போட்டுக்கிட்டா பாதுகாப்புதானே?

இல்லை. நொறுங்கி அதிர்வை வாங்க வேண்டிய முன்பகுதியை அந்தக் கம்பி நொறுங்கவிடாமல் தடுத்து, அதிர்வை நேராக உள்ளே இருப்பவர்களுக்குக் கடத்துகிறது; காற்றுப்பை விரியும் நேரத்தையும் குழப்புகிறது. மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே இவற்றைப் பொருத்துவதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

மோதிட்டோம். உடனே இறங்கிப் பார்க்கலாமா?

இறங்காதீர்கள். முதலில் எஞ்சினை அணைத்து, நான்கு இண்டிகேட்டர்களும் ஒருசேர எரியும் பொத்தானை அழுத்துங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துப் பதில் வாங்குங்கள். என் வண்டியில் மோதலுக்குப் பிறகு வைப்பர் தானாக ஓடிக்கொண்டிருந்தது. என் கைதான் எங்கோ பட்டிருக்கிறது. விரிசல் விட்ட கண்ணாடியில் பழுப்பு மயிர்க்கற்றை ஒன்று சிக்கி, வைப்பர் தொடும்போதெல்லாம் அசைந்தது. காற்றுப்பையிலிருந்து வந்த பொடியைப் புகை என்று நினைத்து, பின்னால் இருந்த என் மாமா கதவைத் திறக்கப் போனார். கருகல் வாடை கலந்த அந்தப் பொடி பெரும்பாலும் தீயின் அறிகுறி அல்ல; பெட்ரோல் வாடை, உண்மையான புகை, தீ ஆகியவை இருந்தால் மட்டுமே உடனடியாக இறங்க வேண்டும்.

அடிபட்ட விலங்கு செத்ததுபோல் கிடந்து சட்டென்று எழும். கடமானின் கொம்பும் குளம்பும் மனிதனின் வயிற்றைக் கிழிக்கப் போதுமானவை. அடிபட்ட பன்றியும் சிறுத்தையும் அதைவிட மோசம். கூட்டத்தின் மற்றவை இருட்டில் பக்கத்திலேயே நிற்கக்கூடும்; யானைக்குட்டியோ காட்டுமாட்டுக் கன்றோ அடிபட்டிருந்தால் தாய் அங்கேதான் இருக்கும். வண்டி ஓடும் நிலையில் இருந்தால் நூறு இருநூறு மீட்டர் மெதுவாக நகர்த்தி, வளைவு இல்லாத இடத்தில் ஓரம் கட்டுங்கள். ஓடாதென்றால் பெல்ட்டைப் போட்டபடியே உள்ளே இருங்கள், ஏனென்றால் பின்னால் வரும் வண்டி நம்மை இடிக்கும் வாய்ப்பும் இருக்கிறது.

யாருக்கு போன் பண்றது? காட்டுக்குள்ள சிக்னலே இல்லையே?

காயம் இருந்தால் 108. காவல், தீயணைப்பு எதுவானாலும் 112. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்திலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் 112க்கான அழைப்பு போகும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணும் உண்டு. வனத்துறைக்குச் சொல்ல, நீங்கள் கடந்து வந்த சோதனைச் சாவடிப் பலகையில் இருக்கும் வனச்சரக எண்ணைப் புறப்படும்போதே கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த எண்ணும் எட்டாவிட்டால் அடுத்து வரும் பேருந்தையோ லாரியையோ விளக்கை மினுக்கி நிறுத்தி, சாவடியில் தகவல் சொல்லச் சொல்லுங்கள். எத்தனையாவது கொண்டை ஊசி வளைவு என்று பலகையைப் பார்த்துச் சொன்னால் தேடி வருகிறவர்களுக்கு அரை மணி நேரம் மிச்சமாகும்.

யாருக்கும் ரத்தம் வரலை. ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணுமா?

போவதே நல்லது. விபத்து முடிந்த பிறகு சிறிது நேரத்துக்கு உடல் வலியை மறைத்துவிடக்கூடும். வயிற்றில் பெல்ட் பதிந்த நீலத் தடம் இருந்தால் உள்ளே குடலோ மண்ணீரலோ அடிபட்டிருக்கலாம். அடுத்த இரண்டு நாட்களுக்குள் வாந்தி, அசாதாரணமான தூக்கக் கலக்கம், பேச்சில் குழறல், கை கால் மரத்துப்போதல், கடுமையான கழுத்து வலி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் காத்திருக்க வேண்டாம். கழுத்து வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவரை இழுத்து இறக்காமல் 108 வரும்வரை அசையாமல் வைத்திருங்கள். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பதுதான் சிகிச்சை. அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது.

செலவை எண்ணித் தயங்காதீர்கள். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், மாநிலத்தின் எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அரசு நிர்ணயித்த தொகைக்குள், அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அடிபட்டவர் வேறு மாநிலத்தவராக இருந்தாலும் இது பொருந்தும்.

பைக்ல போறவங்களுக்கும் இதே பதில்தானா?

பிரேக் பற்றிய பதில் பொருந்தும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, வண்டியைச் சாய்க்காமல் பிடிக்க வேண்டும். ஆனால் மோதிய பிறகு உள்ளே இருங்கள் என்று அவர்களுக்குச் சொல்ல இயலாது. அவர்களைக் காக்க எந்தக் கூடும் இல்லை. இருட்டிய பிறகு காட்டுச் சாலையில் பைக் ஓட்டாதீர்கள் என்பதைத் தவிர நேர்மையான பதில் என்னிடம் இல்லை.

மிருகம் உயிரோட துடிச்சுக்கிட்டு இருக்கு. சும்மா பார்த்துக்கிட்டே இருக்கணுமா?

எனக்கு நேர்ந்ததும் இதுதான். இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும்போது இன்றும் கனமாக இருக்கிறது. தண்ணீர் ஊற்றப் போகாதீர்கள், இழுத்து ஓரம் போட முயலாதீர்கள், கல்லால் அடித்து முடித்துவிடலாம் என்ற யோசனைக்கு இடமே கொடுக்காதீர்கள். மனிதர் நெருங்க நெருங்க அச்சத்தில் அதன் துடிப்பு கூடும். விளக்கை அதன் முகத்திலிருந்து விலக்கி, சத்தமின்றி, மற்ற வண்டிகள் அதன் மீது ஏறாதபடி தூரத்திலிருந்தே எச்சரிப்பதுதான் நம்மால் செய்யக்கூடிய உதவி.

தகவல் கிடைத்து வனத்துறையினர் வந்தபோது, அவர்கள் முதலில் செய்தது ஒரு சாக்கைக் கடமானின் கண்கள் மீது போர்த்தியதுதான். கண்ணை மறைத்ததும் அது காலுதைப்பதை நிறுத்தியது. கால்நடை மருத்துவர் வரும்வரை அவர்களில் ஒருவர் சாலையின் மேல்பக்கத்திலும் இன்னொருவர் கீழ்ப்பக்கத்திலும் டார்ச்சோடு நின்றார்கள். அது பிழைக்கவில்லை; ஆனால் இன்னொரு வண்டியின் சக்கரத்தில் சிக்கிச் சாகவில்லை.

வனத்துறைக்குச் சொன்னா கேஸ் போடுவாங்களே? நிக்காம போயிட்டா என்ன?

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வழக்கு வரக்கூடும் என்பது உண்மை. யானை, புலி, சிறுத்தை, காட்டுமாடு ஆகியவை அந்தச் சட்டம் உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் உள்ளவை; அவற்றுக்கு எதிரான வேட்டைக் குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள்வரை சிறை உண்டு. புலிகள் காப்பகத்துக்குள் வேகமாக ஓட்டி விலங்கைக் கொன்றவர்கள் மீது வழக்குப் பதிவாகி, வண்டி பறிமுதலானதும் உண்டு. ஆனாலும் எந்த வேகத்தில் வந்தீர்கள், அனுமதிக்கப்பட்ட நேரம்தானா, நின்று தகவல் சொன்னீர்களா என்பவை விபத்தையும் குற்றத்தையும் பிரித்துக் காட்டும் சான்றுகள். ஓடிப்போனவரிடம் அந்தச் சான்றுகளில் ஒன்றும் இருக்காது. உடைந்து விழுந்த ஹெட்லைட் துண்டும், சாவடிக் கேமராவும் அவருடைய வண்டியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூடலூரிலிருந்து மைசூரு செல்லும் வழியில் பந்திப்பூர்ப் பகுதி 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை மூடப்படுகிறது. பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் திம்பம் பாதையிலும், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு இருக்கிறது. இந்தத் தடைகள் நமக்கு இடைஞ்சல் என்று பேசுகிறவர்கள், இரண்டாவது கேள்வியின் பதிலில் உள்ள தூரக் கணக்கை ஒருமுறை மீண்டும் பார்க்கட்டும்.

மான் செத்துடுச்சு. கறியையோ கொம்பையோ எடுத்துக்கிட்டா தப்பா?

தப்பு, குற்றமும்கூட. தவறுதலாகக் கொல்லப்பட்ட வனவிலங்கும், இறந்து கிடக்கக் காணப்பட்டதும் மாநில அரசின் சொத்து என்று அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு சொல்கிறது. முந்தைய பதிலில் விபத்தாக நின்ற நிகழ்வு, ஒரு துண்டு இறைச்சியோடு வேட்டை வழக்காகிவிடும்.

இன்சூரன்ஸ்ல பணம் கிடைக்குமா?

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் உங்கள் காரின் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. சொந்தச் சேதத்தையும் உள்ளடக்கிய முழுக் காப்பீடு இருந்தால் கிடைக்கும். வண்டியை நகர்த்தும் முன், உள்ளிருந்தபடியே முடிந்த அளவு படம் எடுங்கள். கண்ணாடியில் ஒட்டிய மயிரும், பம்பரில் உள்ள ரத்தமும்கூடச் சான்றுகள்தான். காவல் நிலையத்திலோ வனச்சரக அலுவலகத்திலோ தகவல் பதிவானதற்கான தாளை வாங்கிக்கொண்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றைக்கே தெரிவியுங்கள்.

பலருக்குப் பணம் பறிபோவது இதற்கு அடுத்த இடத்தில்தான். ரேடியேட்டர் உடைந்து தண்ணீர் கொட்டும்போதோ, பன்றியின் மீது ஏறி ஆயில் சேம்பர் உடைந்திருக்கும்போதோ, வீடுவரை ஓட்டிவிடலாம் என்று எஞ்சினை ஓட்டி அதைச் சிக்கவைத்துவிடுகிறார்கள். மோதலால் வந்த சேதத்துக்குப் பணம் தரும் நிறுவனம், பிறகு ஓட்டியதால் வந்த எஞ்சின் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. வண்டிக்கு அடியில் எதுவும் ஒழுகுவது தெரிந்தால், ஓரம் கட்டும் அந்த நூறு மீட்டருக்கு மேல் ஓட்டாமல் இழுவை வண்டியை அழைத்துவிடுங்கள்.

அதுக்கப்புறம் ராத்திரி ஓட்டவே கை நடுங்குது. இது சரியாகுமா?

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிறது. கண்ணை மூடினால் அந்தக் காட்சி வருவது, தூக்கம் கெடுவது, சாலையோர நிழல் அசைந்தாலே கால் பிரேக்குக்குப் போவது எல்லாம் எனக்கும் இருந்தன. ஒரு மாதத்தைத் தாண்டியும் குறையாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. முதலில் பகலில், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். எனக்குப் பக்கத்தில் மாமாதான் வந்தார். மோதிய இடம் வந்ததும் வண்டியை மெதுவாக்கச் சொல்லி, ஜன்னலை இறக்கி, சாலையின் மேல்சரிவில் மான்கள் இறங்கி வரும் ஒற்றையடித் தடத்தைக் காட்டினார். அத்தனை வருடம் ஓட்டியும் அந்தத் தடத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.